காஞ்சிப் பட்டில் ஆசியா: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு நிலப்பாடம்

நம் பிள்ளைகளின் காதில் ஆசிய நாடுகளின் பெயர்கள் சிறு வயதிலேயே விழுந்துவிடுகின்றன. சவூதியில் மாமா, துபாயில் சாச்சா, மலேசியாவில் பெரியம்மா வீடு என்று உறவின் வழியாகச் சில பெயர்கள் வருகின்றன. பலஸ்தீன், சிரியா, ஆப்கானிஸ்தான் என்று செய்தியின் வழியாகச் சில. கிரிக்கெட்டின் வழியாகப் பாகிஸ்தானும் இலங்கையும் வருகின்றன. உடைந்துபோன பொம்மையின் அடியில் சீனாவின் பெயர் இருக்கிறது.

பெயர்கள் வந்துவிடுகின்றன. விளக்கம் வருவதில்லை. பெரியவர்கள் பேசாமல் இருந்தால், பிள்ளை தன் கைக்குக் கிடைத்த துணுக்குகளைக் கொண்டு தானே ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளும். அதில் வளைகுடா என்றால் பணம், மேற்காசியா என்றால் குண்டு, சீனா என்றால் மட்டமான பொருள், பாகிஸ்தான் என்றால் எதிரி என்று பதிந்துவிடும். நம் வீடுகளில் இன்னும் இரண்டு தவறான எண்ணங்கள் சத்தமில்லாமல் வேர்விடுகின்றன. முஸ்லிம் என்றாலே அரபி என்பது ஒன்று. முகமும் மொழியும் உணவும் வேறாக இருப்பவர்கள் சிரிப்புக்கு உரியவர்கள் என்பது மற்றொன்று. எட்டு, பத்து வயதுக்குள் பதிந்துவிட்டதைப் பிறகு மாற்றுவது எளிதல்ல.

ஆசியாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பெரிய புத்தகங்களோ செலவோ தேவையில்லை. வீட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து, அது எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று தேடிக்கொண்டு போனால் போதும். காஞ்சிபுரத்தை நடுவில் வைத்து அதை எப்படிச் செய்யலாம் என்று இக்கட்டுரையில் பார்ப்போம். நெசவும் கோயில்களும் பள்ளிவாசல்களும் உள்ள இந்த ஊருக்கு ஆசியாவின் பல மூலைகளோடு பழைய தொடர்பு உண்டு. வேறு ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் ஊரின் பொருளை வைத்து இதே முறையில் செய்யலாம்.

முதலில் ஒரு விரல் பயணம்

வரைபடத்தை விரித்துக் காஞ்சிபுரத்தின் மீது பிள்ளையின் விரலை வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து நேர் மேற்காக, இடது பக்கம் நகர்த்தட்டும். கர்நாடகத்தைக் கடந்து மங்களூர் வரும். பிறகு அரபிக்கடல். அதைத் தாண்டினால் விரல் போய் நிற்கும் இடம் யமன் நாட்டின் ஏடன் துறைமுகம். காஞ்சிபுரமும் ஏடனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியை ஒட்டி அமைந்துள்ளன.

இனி வலது பக்கம். வங்கக் கடல், அந்தமான், மியான்மாரின் தென்வால், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ். ஒரே கோட்டில் இத்தனை நாடுகள்.

இங்கே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு ஊர்களும் ஒரே கோட்டில்தானே இருக்கின்றன? காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிகளும் நெல்வயல்களும் இருக்க, ஏடன் மட்டும் ஏன் வறண்டு கிடக்கிறது? விடை பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்றும் நமக்கு மழை தருகின்றன. ஏடனுக்கு அந்தப் பங்கு கிடைப்பதில்லை. ‘மான்சூன்’ என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே பருவம் என்ற பொருளுடைய ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் காற்றைக் கணக்கிட்டுத்தான் அரபு வணிகர்களும் தமிழ் வணிகர்களும் பாய்க்கப்பல் ஓட்டினார்கள். மழையும் வணிகமும் ஒரே காற்றில் வந்தவை என்று சொன்னால் பிள்ளைக்கு மறக்காது.

ஆசியாவின் அளவையும் அப்போதே சொல்லிவிடலாம். பரப்பு சுமார் 4.4 கோடி சதுர கிலோமீட்டர். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம். உலக மக்களில் ஐந்தில் மூன்று பேர் வாழ்வது இங்கேதான். மிக உயர்ந்த எவரெஸ்ட் சிகரமும் (8,849 மீட்டர்), கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலின் கரையும் இதே கண்டத்தில்தான் உள்ளன.

பட்டுச் சேலை சொல்லும் வழி

அலமாரியில் இருக்கும் பட்டுச் சேலையை எடுத்துப் பிள்ளையின் மடியில் வையுங்கள். தொட்டுப் பார்க்கட்டும். பட்டு முதலில் தோன்றிய நாடு சீனா. முசுக்கொட்டை இலையைத் தின்று வளரும் புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டிலிருந்து நூலை எடுக்கும் கலையைச் சீனர்கள் பல நூற்றாண்டுகள் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை அறுபடாத இழை கிடைக்கும். ஊரில் பிள்ளைக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் காட்டி, கட்டைவிரல் அளவுக் கூட்டுக்குள் அவ்வளவு நீள நூல் சுருண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்றும் உலகில் பட்டு உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு. இரண்டாம் இடம் இந்தியாவுக்கு. காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் உள்ள ராமநகரத்தில் பெரிய பட்டுக்கூடுச் சந்தை இருக்கிறது. மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவித்தவர் திப்பு சுல்தான். சரிகைக்குப் பெயர்பெற்ற ஊர் குஜராத்தின் சூரத். பட்டு இழையின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவதுதான் சரிகை. காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு சரிகை ஆலை என்ற அரசு நிறுவனமும் உள்ளது.

நூலும் சரிகையும் வந்து சேர்ந்த பிறகு நடப்பதுதான் இந்த ஊரின் தனித்திறமை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே பின்னி இணைக்கும் முறைக்குக் ‘கோர்வை’ என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடும். பாவுக்கும் ஊடைக்கும் முறுக்கேற்றிய பட்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊரில் நெய்த துணிக்குச் சூட்டி விற்கக்கூடாது என்பதே அதன் பொருள்.

இந்த இடத்தில் பிள்ளைகள் இரண்டு கேள்விகள் கேட்பது உறுதி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

‘புழு என்ன ஆகும்?’ நூல் அறுபடாமல் இருக்கக் கூட்டை வெந்நீரில் போடுவார்கள், உள்ளே இருப்பது செத்துவிடும் என்ற உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை வருத்தப்பட்டால் பட்டும். ஒரு பொருளின் பின்னால் உயிரும் உழைப்பும் இருக்கின்றன என்பதும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

‘அத்தா ஏன் பட்டு உடுத்துவதில்லை?’ ஆண்களுக்குப் பட்டாடை இல்லை என்ற மார்க்கச் சட்டத்தைச் சொல்லும்போது அதோடு சேர்ந்த ஒரு துணியின் கதையையும் சொல்லலாம். குஜராத்தில் ‘மஷ்ரூ’ என்ற துணி நெய்யப்படுகிறது. வெளியே பட்டு மின்னும். உடலில் படும் உள்பக்கம் பருத்தி. ‘அனுமதிக்கப்பட்டது’ என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். ஒரு சட்டம் ஒரு நெசவு முறையையே உருவாக்கியிருக்கிறது.

நெசவாளர் குடும்பங்களின் நிலையையும் மறைக்க வேண்டாம். பட்டு நூலின் விலையும் தங்கத்தின் விலையும் ஏறும்போதெல்லாம் தறிக்காரர் வீட்டில் நெருக்கடி வருகிறது. விசைத்தறித் துணி குறைந்த விலைக்கு வருகிறது. பல வீடுகளில் அடுத்த தலைமுறை தறியில் உட்காரவில்லை. தெரிந்த நெசவாளர் யாராவது இருந்தால் அனுமதி கேட்டுப் பிள்ளையை ஒரு மணி நேரம் அழைத்துப் போங்கள். வேடிக்கை பார்க்கப் போவதாக இல்லாமல், பாடம் கேட்கப் போவதாக இருக்கட்டும். சலாமோ வணக்கமோ சொல்லி, கேள்வி கேட்டு, நன்றி சொல்லி வரப் பழக்குங்கள்.

சமையலறையில் இருக்கும் நாடுகள்

மூன்று வயதுப் பிள்ளைக்கு வரைபடம் புரியாது. நாக்குக்குப் புரியும். சமையலறையிலிருந்து சில பொருட்களைத் தட்டில் வையுங்கள்.

சீனி: பெயரிலேயே சீனா இருக்கிறது. கரும்பு நம் மண்ணில் பழையது. வெள்ளைச் சர்க்கரையைச் சீனாவோடு சேர்த்து அழைத்திருக்கிறார்கள். பொரிக்கும் சீனச்சட்டியும், தண்ணீரைத் தெளிய வைக்கும் சீனாக்காரமும் அதே பெயரைத் தாங்கி நிற்கின்றன. சீனா நமக்குத் தூரத்து நாடாக எப்போதும் இருந்ததில்லை என்பதற்கு இந்த மூன்று சொற்களே சாட்சி.

தேயிலை: சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில் இதை ‘தே’ என்றார்கள். மற்றப் பகுதிகளில் ‘ச்சா’. நம்முடைய ‘தேநீர்’, ‘டீ’ ஆகியவை முதல் சொல்லின் வழி வந்தவை. கேரளத்தின் ‘சாயா’, உருதுவின் ‘சாய்’ இரண்டாவதன் வழி வந்தவை. ஒரே கோப்பைக்குள் இரண்டு பாதைகள்.

கிராம்பும் ஜாதிக்காயும்: பிரியாணியில் போடும் கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஜாதிக்காய் அங்குள்ள பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. பட்டை இலங்கையிலிருந்து. ஏலக்காயும் மிளகும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து. மிளகும் சுக்கும் சேர்த்து அவிக்கும் காஞ்சிபுரம் இட்லியைச் செய்து கொடுத்து, இந்த மிளகைத் தேடித்தான் உலகம் நம் கரைக்கு வந்தது என்று சொல்லலாம்.

பேரீச்சை: நோன்பு திறக்கும் பழம் எங்கே விளைகிறது? பெட்டியில் உள்ள நாட்டின் பெயரைப் பிள்ளையே படித்துப் பார்க்கட்டும். சவூதி, ஈராக், ஈரான், ஓமான் என்று ஒவ்வொரு பெட்டியும் ஓர் ஊரைச் சொல்லும்.

ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் ஒரு குண்டூசி. ஊசியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு நூல். ஒரு மாதத்தில் பல திசைகளிலிருந்தும் நம் அடுப்படிக்கு நூல்கள் வந்து சேர்ந்திருக்கும்.

இங்கிருந்து போனவை

எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்ற எண்ணத்தோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து போனவையும் உண்டு.

பல்லவர்களின் தலைநகராக இருந்த இந்த ஊர், அக்காலத்தில் கல்விக்குப் பெயர்பெற்ற இடம். சீனப் பயணி யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் இங்கே வந்தார். 629இல் சீனாவை விட்டுக் கிளம்பியவர், பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்து, இந்தியாவில் பல ஆண்டுகள் படித்து, 645இல் ஊர் திரும்பினார். அவர் போன வழியில் இன்றைய கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லாம் வரும். மத்திய ஆசியாவைச் சொல்லித் தர அதைவிட நல்ல கதை இல்லை. மறு திசையிலும் போக்குவரத்து இருந்தது. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராஜசிம்மன் 720இல் சீனப் பேரரசனின் அவைக்குத் தூது அனுப்பினான்.

எழுத்தும் போனது. பல்லவர் காலத்து எழுத்து முறை கடல் கடந்து, கெமர், மோன், ஜாவா, பாலி எழுத்துகளுக்குத் தாயாக அமைந்தது. கெமர் எழுத்தின் வழியாகத் தாய்லாந்தின் எழுத்தும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. போர்னியோத் தீவின் கூத்தாய் பகுதியில் கி.பி. 400 வாக்கைச் சேர்ந்த கல்தூண்கள் இந்த எழுத்து வகையில் பொறிக்கப்பட்டுள்ளன. கணினியில் தாய், கெமர், ஜாவா எழுத்துகளில் ‘க’வைத் தேடி எடுத்துத் தமிழ் ‘க’வோடு ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். முகம் வேறாக இருந்தாலும் உறவினர்களாக இருக்கலாம் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே எழுதிப் பார்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தைப் பார்த்த பிள்ளைகள் போதிதர்மரைப் பற்றிக் கேட்பார்கள். அவர் காஞ்சிபுரத்து இளவரசர் என்பது மரபாகச் சொல்லப்படுவது. பழைய சீன நூல்களில் ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய மன்னரின் மகன் என்கிறது. ‘இது கல்வெட்டில் இருக்கிறது’, ‘இது மரபாகச் சொல்வது’ என்று பிரித்துச் சொல்லப் பழக்குவது, நம் ஊர்ப் பெருமையை ஒரு படி கூட்டிச் சொல்வதைவிடப் பிள்ளைக்கு நல்லது.

கைலியும் கப்பலும்

அடுத்த பொருள் அத்தாவின் கைலி. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. அங்கிருந்து துணி ஏற்றுமதியான காலத்தின் அடையாளம் அந்தப் பெயரில் தங்கிவிட்டது. மலாய் மொழியில் கப்பலுக்குக் ‘காப்பால்’, கடைக்குக் ‘கெடாய்’. பினாங்கின் புகழ்பெற்ற ‘நாசி கண்டார்’ தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் பிறந்தது.

பினாங்கில் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தமிழ் முஸ்லிம்கள் நிறுவினார்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828-30இல் கட்டப்பட்ட நாகூர் தர்கா நிற்கிறது. அதே தெருவில் ஒரு சீனக் கோயிலும், குச்சுப் பள்ளி என்று தமிழில் அழைக்கப்பட்ட அல்அப்ரார் பள்ளிவாசலும் உள்ளன. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருந்தால் இந்த இடங்களைக் கைப்பேசியில் காட்டச் சொல்லுங்கள்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு கற்கள். முதலாவது இலங்கையின் காலி நகரில் கிடைத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதியில் புத்தருக்கும், தமிழ்ப் பகுதியில் திருமாலின் வடிவமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதியில் அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. செங் ஹே யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

இரண்டாவது சீனாவின் குவான்சோ நகரில். அங்கே 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. 1009இல் நிறுவப்பட்ட பள்ளிவாசலும் அதே நகரில் உள்ளது. அரபிகள் ஸைத்தூன் என்று அழைத்த துறைமுகம் அது. 1325இல் மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து கிளம்பிய இப்னு பதூதா, இலங்கையிலிருந்து தமிழகக் கரைக்கு வந்து மதுரை சுல்தானைச் சந்தித்தவர், பின்னர் ஸைத்தூனில்தான் போய் இறங்கினார்.

கிப்லாவும் கடிகாரமும்

தினமும் ஐந்து வேளை நாம் ஒரு திசையைப் பார்க்கிறோம். அது ஒரு நிலப்பாடம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோமா? காஞ்சிபுரத்தில் நின்றால் கிப்லா மேற்கில், சற்று வடக்கே சாய்ந்து இருக்கும். ‘கிப்லா என்றால் மேற்கு’ என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வது அதனால்தான். வரைபடத்தில் மக்காவைக் குறித்துவிட்டு, இஸ்தான்புல், ஸன்ஆ, சமர்கண்ட், ஜகார்த்தா ஆகிய ஊர்களிலிருந்து அம்பு போடச் சொல்லுங்கள். இஸ்தான்புல்லில் தென்கிழக்கு. யமனின் ஸன்ஆவில் வடமேற்கு. சமர்கண்டில் தென்மேற்கு. நான்கு அம்புகள் போட்டதும் திசை என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது புரிந்துவிடும்.

கடிகாரத்துக்கும் இதே போல் ஒரு விளையாட்டு. காஞ்சிபுரத்தில் மாலை 6 மணி என்றால் துபாயில் 4.30, ரியாத்தில் 3.30. கிழக்கே சிங்கப்பூரில் இரவு 8.30, டோக்கியோவில் 9.30. இங்கே மஃக்ரிப் பாங்கு ஒலிக்கும்போது சிங்கப்பூர்ப் பிள்ளை தூங்கத் தயாராகும். சவூதியில் இருக்கும் மாமா இன்னும் வேலையில் இருப்பார். ‘மாமா ஏன் இப்போது போன் எடுப்பதில்லை’ என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

முஸ்லிம் என்றால் அரபி என்ற எண்ணத்தையும் இந்த வரைபடத்திலேயே திருத்தலாம். உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நான்கு நாடுகள் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, பங்களாதேஷ். நான்கும் ஆசியாவில்தான். நான்கிலும் அரபு மக்களின் தாய்மொழி அல்ல. பெருநாள் அன்று இந்தோனேசியப் பிள்ளை தென்னங்குருத்தைப் பின்னி, அதற்குள் அரிசி வைத்து அவித்த ‘கெத்துப்பாட்’ சாப்பிடும். நம் வீட்டில் ஓலையில் கிலுகிலுப்பை பின்னத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அதையும் பின்னிப் பார்க்கலாம்.

அடுத்த வீட்டை அறிவது

கோயில் நகரத்தில் வளரும் முஸ்லிம் பிள்ளைக்குத் தேரோட்டமும் கோபுரமும் அன்றாடக் காட்சி. அவற்றைப் பற்றிக் கேட்டால் சில வீடுகளில் ‘அது நமக்கு வேண்டாம்’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். பெற்றோரின் தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் அறிவது வேறு, பின்பற்றுவது வேறு. நம் நம்பிக்கையில் தெளிவாக நிற்கும் பிள்ளைக்கு அடுத்தவரின் நம்பிக்கையைத் தெரிந்துகொள்வதால் குறை ஏதும் வராது. தெரியாமல் இருப்பதால்தான் பயமும் கேலியும் வருகின்றன.

இதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. இன்றைய உஸ்பெகிஸ்தானின் குவாரிஸ்ம் பகுதியில் 973இல் பிறந்த அல்பிரூனி, இந்திய மக்களின் நம்பிக்கைகளையும் அறிவியலையும் எழுத விரும்பினார். அதற்காகச் சமஸ்கிருதம் கற்றார். அறிஞர்களிடம் கேட்டார். அவர்கள் சொல்வதை அவர்களின் நூல்களைக் கொண்டே எடுத்துவைத்தார். 1030 வாக்கில் முடிந்த அவருடைய நூலை இன்றும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். மக்கள் பல இனங்களாக இருப்பதற்கான காரணத்தை ஒருவரையொருவர் அறிவதோடு சேர்த்துச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தை இந்தப் பாடத்தோடு இணைத்துக் கற்றுக்கொடுக்கலாம்.

காஞ்சிபுரத்தில் சைவ, வைணவக் கோயில்களோடு, திருப்பருத்திக்குன்றத்தில் பழைய சமணக் கோயிலும் உண்டு. ஒரு காலத்தில் பௌத்தப் பள்ளிகளும் இருந்தன. வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்ச் சிற்பங்கள் பல்லவர்களின் வரலாற்றைச் சொல்கின்றன. உலகின் பெரிய சமயங்கள் பெரும்பாலும் ஆசியாவில்தான் தோன்றின என்பதை இந்த ஊரின் தெருக்களே பிள்ளைக்குச் சொல்லிவிடும்.

இன்றைய அயலாரும் இருக்கிறார்கள். மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளில் கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் இயங்குகின்றன. அந்நாட்டவரும் வருகிறார்கள். அசாம், மணிப்பூர், பீகார், ஒடிசாவிலிருந்து தொழிலாளர்கள் வந்து வாழ்கிறார்கள். வடகிழக்கு மாநிலத்தவரைப் பார்த்து ‘சீனாக்காரன்’ என்று பிள்ளை சொன்னால் சிரித்து விட்டுவிடாதீர்கள். வரைபடத்தை எடுத்து மணிப்பூரைக் காட்டுங்கள். அவரும் இந்தியர், கண்ணின் வடிவத்தை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது என்று அப்போதே திருத்துங்கள். நம்மைப் பார்த்து யாராவது ‘நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்’ என்று சொன்னால் நமக்கு எப்படி வலிக்குமோ, அதே வலிதான் அவருக்கும்.

வயதுக்கு ஏற்ற பாடம்

3 முதல் 5 வயது: பொருள் மட்டும் போதும். முகரட்டும், சுவைக்கட்டும், தொடட்டும். ‘இது தூர ஊரிலிருந்து கப்பலில் வந்தது’ என்ற அளவு போதுமானது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

6 முதல் 8 வயது: வழிகளைச் சொல்லுங்கள். குண்டூசியும் நூலும் இந்த வயதுக்கு ஏற்றவை. மாதம் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்டின் ஓர் உணவு, நன்றி சொல்ல ஒரு சொல், ஓர் ஆறு அல்லது மலை, அங்குள்ள ஒரு பிள்ளையின் ஒரு நாள். இந்த நான்கும் தெரிந்தால் தலைநகரமும் கொடியும் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

9 முதல் 11 வயது: காரணங்களைக் கேளுங்கள். ஏன் மக்கள் ஊர் மாறினார்கள்? எல்லைக் கோடுகள் எப்போது போடப்பட்டன? பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி நம் ஊரை ஒட்டிப் போகிறதே, அதில் ஏன் பெரும்பாலான நாட்களில் தண்ணீர் இல்லை? மெக்காங், சிந்து, யூப்ரடீஸ் நதிகளிலும் இதே போன்ற தண்ணீர்ப் பங்கீட்டுப் பிரச்சினை இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வரைபடம் வாங்கும்போது இந்திய நில அளவைத் துறையின் எல்லைகளைப் பின்பற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் சிறிய உலக உருண்டை ஒன்றும் இருக்கட்டும். தட்டையான படங்களில் வடக்கு நாடுகள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். வடக்கு மேலே இருப்பதும் ஒரு வழக்கம்தான். 1154இல் அல்இத்ரீசி வரைந்த புகழ்பெற்ற உலகப் படத்தில் தெற்குதான் மேலே இருந்தது. நம் படத்தை ஒருமுறை தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தால் பிள்ளைகள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

தவிர்க்க வேண்டியவை

ஒரு நாட்டை ஒரே படத்தில் அடக்காதீர்கள். அரேபியா என்றால் ஒட்டகம், சீனா என்றால் பாம்புக்கறி, ஜப்பான் என்றால் ரோபோ என்று நின்றுவிட்டால் முதலில் சொன்ன துணுக்கு வரைபடம்தான் மிஞ்சும்.

போர்ச் செய்திகளைச் சிறு பிள்ளைகளின் முன் ஓடவிடாதீர்கள். காஸாவைப் பற்றிப் பிள்ளை கேட்டால் உண்மையை அதன் வயதுக்கு ஏற்பச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்த மண்ணின் ஆலிவ் மரங்களையும் ஜெருசலேமின் தெருக்களையும் காட்டியிருங்கள். ஒரு மக்களை அவர்களின் துயரத்தின் வழியாக மட்டும் அறிந்த பிள்ளை, அவர்களை மனிதர்களாகப் பார்ப்பதற்குப் பதிலாகப் பரிதாபமாக மட்டும் பார்க்கும்.

அரசாங்கங்களையும் மக்களையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். நாடுகளுக்குள் சண்டை இருக்கலாம். அங்குள்ள பிள்ளையும் காலையில் பள்ளிக்குப் போகிறது, உம்மாவிடம் அடம் பிடிக்கிறது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ‘வா, சேர்ந்து தேடுவோம்’ என்பது பெற்றோர் சொல்லக்கூடிய நல்ல பதில்களில் ஒன்று.

இந்த வாரமே தொடங்க விரும்புபவர்கள் மூன்று பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பட்டுத் துணி, ஒரு கிராம்பு, ஒரு பேரீச்சை. சுவரில் ஒரு வரைபடம், மூன்று குண்டூசி, மூன்று நூல். வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணி நேரம். ஓராண்டு விடாமல் செய்தால், இன்ஷா அல்லாஹ், ஒரு நாட்டின் பெயரைக் கேட்டதும் நம் பிள்ளையின் நினைவுக்கு முதலில் அங்குள்ள மனிதர்கள் வருவார்கள்.